மிடி தீர்க்கும் மிடி

(சங்கத்தின் இளைஞர் இசைக்குழு தொடக்க நாளன்று ஆற்றிய உரை)

 

இசையைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது எமக்கு வியப்பே உண்டாயிற்று. பத்தாம் வகுப்புத் தேறி, இருபது ஆண்டுகளாக இரயில்வேயில் பார்சல் சீட்டுகளோடும் பதிவேடுகளோடும் காலங்கழிக்கும் ஓர் எழுத்தருக்கும் இசைக்கும் என்ன உறவு? சண்முகானந்தா அரங்கின் மாடி இருக்கையில் அமர்ந்து கச்சேரி கேட்டதுண்டு, மேடை ஏறியதில்லை. ஆயினும், மூன்று வீட்டுக் கீபோர்டுகளை ஒரே கருவிபோல் கட்டி இயக்கும் வேலை நம் சங்கத்தில் நடந்தபோது அதில் எமக்கும் சிறிது பங்கு இருந்தது. மூட்டைக்குள் இருக்கும் பொருளை அறியாவிட்டாலும், அது எந்த வண்டியில் ஏற வேண்டும், எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்பதைப் பார்சல் எழுத்தர் அறிவார். அந்தத் தகுதி ஒன்றைக் கொண்டே இங்கு நிற்கின்றோம்.

மிடி என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. மிடி என்றால் வறுமை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட மிடி வேறு. இசைக் கருவிகளை எண்களின் வழியாக ஒன்றோடொன்று இணைக்கும் முறை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒன்றின் நான்கு முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல்லும்போது மிடி என்று ஒலிக்கின்றது. இந்த மிடி நம் சங்கத்தின் மிடியைத் தீர்த்ததைச் சொல்ல வந்தோம். இதே மிடி வேறு சில வீடுகளில் மிடியைக் கொண்டுவந்து வைத்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எங்களிடம் இருந்தவை

சென்ற ஆண்டு விழாவில் நம் பிள்ளைகளே பாடி, நம் பிள்ளைகளே வாசிக்க வேண்டும் என்று விரும்பினோம். கிடைத்த கீபோர்டுகள் மூன்று. மாதுங்காவிலிருந்து வந்தது பழையது. குழலும் வயலினும் கேட்கக் கேட்க இனிக்கும். ஆனால் நடுவில் ஐந்து கட்டைகள் அழுத்தினால் பேசா. தாராவியிலிருந்து வந்தது, தோல்பை தைக்கும் தொழிலாளி ஒருவர் தம் மகனுக்காக இரண்டாங் கையாக வாங்கியது. கட்டைகள் அனைத்தும் பழுதில்லை, ஒலிபெருக்கி மட்டும் கிழிந்து கரகரவென்றது. செம்பூரிலிருந்து வந்தது புதிது. தாளக்கட்டு நன்றாக உண்டு. மூன்றையும் சேர்த்து வாசித்தால் மூன்று வண்டிகள் ஒரே தடத்தில் வந்ததுபோல் இருந்தது.

குழுவில் பேச்சு எழுந்தது. வெளியிலிருந்து மெல்லிசைக் குழு ஒன்றை அமர்த்திவிடலாம் என்றனர் சிலர். அதற்கு ஆகும் செலவோ, ஏழை மாணவர்க்கு நோட்டுப் புத்தகம் வழங்க ஒதுக்கிய தொகையில் பாதிக்கு மேல். தாராவிப் பெட்டியைக் காட்டி, “இதை மேடையில் வைத்தால் சங்கத்தின் மானம் போகும்” என்றும் ஒருவர் சொன்னார். அந்தப் பையன் மறுமொழி கூறவில்லை. கருவியைத் துணியில் சுற்றித் தோளில் ஏற்றிக்கொண்டான். அப்போது நாங்களும் வாய் திறக்கவில்லை. இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கின்றது.

அன்றிரவு எங்கள் கட்டடத்து இளைஞர் ஒருவர், கணிப்பொறி படித்தவர், மூன்று கருவிகளின் பின்புறத்தையும் கைவிளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, மூன்றிலும் மிடித் துளை இருக்கிறதே!” என்றார். கட்டை ஒன்றில் நன்றாக இருக்கிறது, குரல் மற்றொன்றில் நன்றாக இருக்கிறது. இதன் கையையும் அதன் குரலையும் சேர்த்துவிட்டால் என்ன? அங்கேதான் கதை தொடங்கியது.

கம்பியில் போவது யாது?

எம் தந்தையார் இரயில்வே தந்திப் பிரிவில் பணியாற்றியவர். சிறு வயதில் அவர் அருகில் அமர்ந்து, “அப்பா, இந்தக் கம்பியில் உங்கள் குரல் போகிறதா?” என்று கேட்டதுண்டு. “குரல் போகாதடா, செய்திதான் போகும். அங்கே இருப்பவன் தன் குரலில் படிப்பான்” என்பார். மிடியின் முழு இரகசியமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

மிடிக் கம்பியில் இசை போவதில்லை, கட்டளையே போகின்றது. ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று பெட்டிகள் கோத்த சிறு வண்டிபோல மூன்று எண்கள் புறப்படும். முதல் எண், எந்தச் சானலில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும். இரண்டாவது, எந்தச் சுரம் என்பதைச் சொல்லும். 0 முதல் 127 வரை சுரங்களுக்கு எண் உண்டு. கீபோர்டின் நடுவிலுள்ள ஒரு கட்டைச் சுருதியின் எண் 60. மூன்றாவது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதைச் சொல்லும். மெல்லத் தொட்டால் சிறிய எண், ஓங்கி அடித்தால் 127. கையை எடுத்தவுடன், நிறுத்துக என்று மற்றொரு கட்டளை ஓடும். வேகம் நொடிக்கு 31,250 துடிப்புகள். ஆகவே ஒரு சுரத்தின் கட்டளை போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கே ஆகும். பெறுகின்ற கருவி தன் சொந்தக் குரலில் அச்சுரத்தை ஒலிக்கும்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதையும் அறிதல் நலம். முன்பு ஒவ்வொரு கம்பெனியின் கருவியும் தன் இனத்தோடு மட்டுமே பேசும். ஜப்பானில் ரோலண்டு நிறுவனத்தை 1972-இல் தொடங்கிய இக்குத்தாரோ காக்கேஹாஷி இந்நிலை மாற வேண்டும் என்று எண்ணினார். அவர் இளமையில் கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்தவர். இசைப் பள்ளியில் பயின்றவரல்லர். அமெரிக்காவில் சீக்குவென்ஷியல் சர்க்கியூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித் அதே எண்ணத்தோடு 1981-இல் ஒரு திட்டத்தை வெளியிட்டார். 1983 சனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இவ்விருவருடைய கம்பெனிக் கருவிகளையும் ஒரு கம்பியால் இணைத்தனர். ஒன்றை வாசிக்க மற்றொன்று ஒலித்தது. போட்டிக் கம்பெனிகள் இரண்டு, யார் பெரியவர் என்ற வழக்கை ஒதுக்கிவைத்து ஒரு பொது மொழியை ஏற்றன. அதை யாரும் பயன்படுத்தலாம் என்று கட்டணமின்றி விட்டதனால்தான் அது உலகெங்கும் பரவியது. 2013-இல் இருவருக்கும் கிராமி தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது. காக்கேஹாஷி 2017-இலும் ஸ்மித் 2022-இலும் மறைந்தனர். 2020-இல் மிடியின் இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. எனினும் பழைய முறை இன்றும் வழக்கில் உள்ளது.

கட்டும் முறை

நம் இளைஞர்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம் என்பதால் முறையைச் சிறிது விரித்துரைக்கின்றோம்.

கருவியின் பின்னால் ஐந்து துளை கொண்ட வட்டக் குழிகள் இருக்கும். ‘அவுட்’ என்பது கட்டளை புறப்படும் வாயில். ‘இன்’ என்பது வந்து சேரும் வாயில். ‘த்ரூ’ என்பது உள்ளே வந்ததை அப்படியே அடுத்த கருவிக்கு அனுப்பும் வாயில். அவுட்டும் த்ரூவும் ஒன்று என்று மயங்குதல் கூடாது. இந்த நிலையத்திலிருந்து புறப்படும் வண்டி அவுட். நிற்காமல் கடந்துபோகும் பாஸ்ட் வண்டி த்ரூ. சில கருவிகளில் த்ரூ இராது. அவற்றைக் கடைசியில் வைக்க வேண்டும். நாங்கள் தாராவிக் கருவியின் அவுட்டிலிருந்து மாதுங்காக் கருவியின் இன்னுக்கும், மாதுங்காவின் த்ரூவிலிருந்து செம்பூரின் இன்னுக்கும் கம்பி பூட்டினோம். ஒரு கம்பி ஒரே திசையில்தான் பேசும். அவுட்டை அவுட்டோடு பூட்டினால் ஒன்றும் நடவாது. இரண்டு அவுட்டுகளை ஒரே இன்னில் சேர்க்க விரும்பினால் கம்பிகளை முறுக்கி ஒட்டுதல் தவறு. குர்லாவில் இரு தடங்களின் வண்டிகளை முறைப்படுத்துவதுபோல், கட்டளைகளை வரிசைப்படுத்தும் தனிப் பெட்டி வேண்டும். மூன்று நான்கு கருவிகளுக்கு மேல் சங்கிலி நீண்டாலும் பங்கிட்டுத் தரும் பெட்டி வைப்பது நலம். கம்பியின் நீளம் 15 மீட்டரைத் தாண்டலாகாது. லாமிங்டன் சாலைக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு இக்கம்பி கிடைக்கும். பழைய டேப் ரிக்கார்டர் கம்பியும் ஐந்து முள் கொண்டதே. ஆனால் அதன் உள்ளிணைப்பு வேறாக இருக்கலாம், பார்த்து வாங்குக.

அடுத்தது சானல். ஒரே கம்பியில் 16 சானல்கள் உண்டு. பார்சலின்மேல் ஒட்டும் நிலையச் சீட்டு என்று கொள்ளுங்கள். எந்தச் சீட்டை ஏற்பது என்று ஒவ்வொரு கருவிக்கும் சொல்லிவைக்க வேண்டும். தாராவிப் பையனின் வலக்கைச் சுரங்களை 1-ஆம் சானலில் அனுப்பினோம். அவற்றை மாதுங்காக் கருவி ஏற்றுக் குழலாக ஒலித்தது. இடக்கைச் சுரங்களை 2-ஆம் சானலில் அனுப்பினோம்; அவற்றைச் செம்பூர்க் கருவி கீழ்ச்சுரமாக ஒலித்தது. தாளத்திற்கும் தனிக் கட்டளை உண்டு. ஒரு எண்ணிக்கைக்கு 24 துடிப்பு வீதம் தலைமைக் கருவி அனுப்ப, செம்பூரின் தாளக்கட்டு அதைப் பின்பற்றி நடந்தது.

கிழிந்த ஒலிபெருக்கியின் கரகரப்பை என்ன செய்வது? ‘லோக்கல் ஆஃப்’ என்றொரு ஏற்பாடு உண்டு. அதைச் செய்தால் அந்தக் கருவியின் கட்டைகள் தன் குரலை எழுப்பாமல் வெளியே கட்டளை மட்டும் அனுப்பும். மும்பையில் லோக்கல் நின்றால் ஊரே நின்றுபோகும். இங்கோ லோக்கலை நிறுத்தினால்தான் காரியம் நடந்தது!

கம்பியில் இசை போவதில்லை என்றோமல்லவா? ஆகவே ஒலி கேட்க வேண்டிய ஒவ்வொரு கருவியிலிருந்தும் தனியே ஒலிக்கம்பி எடுத்து மிக்ஸரில் சேர்க்க வேண்டும். இதை மறந்து, எல்லாம் பூட்டிவிட்டு அரைமணி நேரம் அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தோம் நாங்கள்.

சுருதியிலும் கவனம் தேவை. பாடும் பெண் ஐந்து கட்டையில் பாடுபவள். தலைமைக் கருவியிலும் சுருதியை மாற்றினோம். ஏற்கும் கருவியிலும் மாற்றினோம். அனுப்பும்போது ஒரு முறையும் ஏற்கும்போது ஒரு முறையும் ஏறி, சுருதி எங்கோ போயிற்று. ஓரிடத்தில் மட்டுமே மாற்ற வேண்டும் என்று பிறகு தெளிந்தோம். இக்காலக் கருவிகள் பலவற்றில் வட்டக் குழி இல்லை. யூஎஸ்பி வாயில் மட்டுமே உண்டு. அத்தகைய இரண்டு கருவிகளை நேரே பூட்டினால் பொதுவாகப் பேசிக்கொள்ளா. நடுவில் ஒரு கணிப்பொறி இருந்து வாங்கிக் கொடுக்க வேண்டும்.

ஒத்திகையில் நேர்ந்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகின்றோம். தமிழ்த்தாய் வாழ்த்தை வாசித்துக்கொண்டிருக்கையில் எம் கால் இடறிக் கம்பி கழன்றது. தொடங்குக என்ற கட்டளை போய்ச் சேர்ந்திருந்தது. நிறுத்துக என்பது போகவில்லை. மாதுங்காக் கருவியின் குழல் ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டே நின்றது. ஊதுவதை நிறுத்துவதற்கென்றே ஒரு பொதுக் கட்டளை உண்டு என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது, மின்சாரத்தையே அணைத்தோம். பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கோடம்பாக்கமும் தார்தேவும்

நிற்க. இந்தக் கருவிக் கட்டுமானத்தால் தமிழர் வீடொன்று எழுந்த வரலாறு நாம் அறிந்ததே. மலையாளப் படங்களுக்கு இசையமைத்த ஆர்.கே. சேகர் 1976-இல் மறைந்தபோது அவர் மகனுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச்சென்ற இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டே அந்தக் குடும்பம் பிழைத்தது. அந்தப் பிள்ளை இளமையிலேயே இளையராஜா முதலிய இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தார். பிறகு கோடம்பாக்கத்துத் தம் வீட்டிலேயே பஞ்சதன் என்னும் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்துக் கீபோர்டுகளையும் கணிப்பொறியையும் ஒரு வலையாகக் கட்டினார். 1992-இல் ‘ரோஜா’ வந்தது. அவர்தாம் ஏ.ஆர். ரகுமான் என்று சொல்லவும் வேண்டுமோ! நம் தாராவித் தெருக்களிலும் எடுக்கப்பட்ட ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திற்காக 2009-இல் அவர் இரண்டு ஆஸ்கார் விருதுகளை ஏந்தி நின்றபோது இத்தெருக்களும் மகிழ்ந்தன.

ஆனால் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. மும்பைத் தார்தேவிலும் சென்னைக் கோடம்பாக்கத்திலும் ஒரு பாட்டுக்கு நாற்பது ஐம்பது வயலின்கள் ஒன்றாக அமர்ந்து வாசித்த காலம் இருந்தது. கோவாக்காரர், பார்சி, வங்காளி, தமிழர் என்று பலரும் வில் பிடித்து அடுப்பெரித்தார்கள். கீபோர்டும் மிடியும் கணிப்பொறியும் வந்து, ஓர் ஆள் ஓர் அறையில் அமர்ந்து அத்தனை வயலின்களின் பணியையும் செய்யலாம் என்று ஆனபின், 1990-களில் அக்கூடங்களில் நாற்காலிகள் காலியாயின. ஒரு வீட்டின் மிடியைத் தீர்த்த மிடி, பல வீடுகளில் மிடியை விட்டுச் சென்றது.

அப்படி நாற்காலி இழந்த பெரியவர் ஒருவர் நம் குடியிருப்பிலேயே இருக்கின்றார். ஒத்திகைக்கு வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். மாதுங்காக் கருவி வயலின் கூட்டமாக ஒலித்தபோது எழுந்து, “தம்பி, இந்தக் கம்பிதான் எங்கள் வில்லை ஒடித்தது” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவர் குரலில் கோபமில்லை. அதுவே எங்களைச் சுட்டது. தாராவிப் பையனைக் கூட்டத்திலிருந்து வெளியே போகவிட்டவர்களும் நாங்களே. இப்போது ஒரு முதியவரையும் போகவிடுவதா?

மறுநாள் மாலை அந்தப் பையனையே அழைத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனோம். பையன் கேட்டான்: “தாத்தா, இந்தப் பெட்டியில் உங்களைப்போல் இழைத்து வாசிக்க வரவில்லை. ஏன் என்று சொல்லித் தருகிறீர்களா?” பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்து, பிறகு வயலின் உறையைத் திறந்தார்.

பையன் கேட்டது உண்மையான கேள்வி. 1991-இல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக 128 குரல்களின் பட்டியல் ஒன்றை வகுத்தார்கள். அதில் 105-ஆவது சித்தார், 112-ஆவது ஷெனாய். வீணை அதில் இல்லை, நாகசுவரம் இல்லை. கமகத்திற்கு வருவோம். சுரத்தை வளைக்க மிடியில் ஒரு கட்டளை உண்டு; 16,384 படிகளாக நுணுக்கமாக வளைக்கலாம். ஆயினும் பழைய முறையில் அக்கட்டளை ஒரு சானலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். இரு சுரம் ஒலிக்கையில் ஒன்றை மட்டும் அசைக்க வேண்டுமானால் அதற்குத் தனிச் சானல் தேட வேண்டும். அப்படியே செய்தாலும், சக்கரத்தைத் திருப்பும் கைக்கும் தந்தியின்மேல் இழையும் விரலுக்கும் உள்ள தூரம் பெரிது. பெரியவர் தோடியின் காந்தாரத்தை ஒரு முறை அசைத்துக் காட்டினார். பையன் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

நாங்கள் கண்ட முடிவு

அன்று எங்களுக்குள் ஒரு விதி செய்துகொண்டோம். ஆளில்லாத இடத்திற்கே கருவி. ஆள் இருக்கும் இடத்தில் கருவி ஒதுங்கி நிற்க வேண்டும். ஆண்டு விழா மேடையில் பெரியவர் வயலினோடு முன்வரிசையில் அமர்ந்தார். மாதுங்காக் கருவியில் வயலின் குரலை எடுத்துவிட்டுக் குழலை மட்டும் வைத்தோம். மிருதங்கம் வாசிக்கும் ஒரு மாணவன் கிடைத்தவுடன் செம்பூரின் தாளக்கட்டையும் பாதிப் பாட்டுகளுக்கு நிறுத்தினோம். மானம் போகும் என்று சொல்லப்பட்ட தாராவிப் பெட்டி மேடையின் நடுவில் இருந்தது. அதன் குரல் ஒரு சுரமும் கேட்கவில்லை, அதன் கட்டை இல்லாமல் ஒரு சுரமும் எழவில்லை. நோட்டுப் புத்தகத் தொகையில் ஒரு காசும் குறையவில்லை. சூன் மாதம் பள்ளி திறந்தபோது முழுமையாக வழங்கினோம். அன்று மேடைக்கு அந்தப் பெட்டி ஆகாது என்றவரே, விழா முடிந்தபின் பையனுடைய கருவியைத் துணியில் சுற்றித் தாமே தூக்கிக்கொண்டு சயான் வரை நடந்தார்.

அன்பர்களே, இன்று இளைஞர் இசைக்குழுவைத் தொடங்குகின்றோம். உங்கள் வீட்டுப் பரண்மேல் பழைய கீபோர்டு இருக்கலாம். சில கட்டைகள் போயிருக்கலாம், ஒலிபெருக்கி கிழிந்திருக்கலாம். எறிந்துவிடாதீர்கள். பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து துளை கொண்ட வட்டம் இருந்தால் சங்கத்திற்குக் கொண்டுவாருங்கள். அதில் கை இருந்தால் நாங்கள் குரல் கொடுக்கின்றோம். குரல் இருந்தால் கை கொடுக்கின்றோம். உங்கள் வீட்டில் பாடத் தெரிந்த பாட்டியோ, தாளம் தட்டத் தெரிந்த தாத்தாவோ இருந்தால் அவர்களை முதலில் அழைத்துவாருங்கள். அவர்களுக்கு இடம் விட்டபிறகே எங்கள் கம்பி பூட்டப்படும்.